கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்: உலோக வினையூக்கிகளைக் கொண்டு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேதியியல் கண்ணோடு பார்த்தால் கரியமில வாயு என்பது கார்பனின் சாம்பல். எரிய வேண்டியது எல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு மிஞ்சுவது அது. அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் எரிந்தபோது வெளியே போன ஆற்றல் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கூடவே கொஞ்சம் கூலியும் தர வேண்டும். இந்தக் கூலியைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. அசலை எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், இத்துறையில் வரும் பரபரப்பான அறிவிப்புகளில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

இந்த வழிகாட்டி, கல்லூரி வேதியியல் ஓரளவு தெரிந்த, ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டது. செய்யப் போவதில்லை, புரிந்துகொண்டால் போதும் என்பவர்களும் கணக்குகளைத் தாண்டாமல் படிக்கலாம். எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

படி 1: முதலில் ஆற்றல் கணக்கைப் போடுங்கள்

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஒரு மெத்தனாலும் ஒரு தண்ணீரும் கிடைக்கும். எடையில் சொன்னால், 1 கிலோ மெத்தனாலுக்கு 1.375 கிலோ கரியமில வாயுவும் 0.19 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்னாற்பகுத்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய கருவிகளில் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஆக, 1 கிலோ மெத்தனாலின் ஹைட்ரஜனுக்கே சுமார் 10 யூனிட் போய்விடும். அந்த மெத்தனாலை எரித்தால் திரும்பக் கிடைக்கும் வெப்பமோ அதிகபட்சம் 6.3 யூனிட்டுக்குச் சமம்.

இப்போது அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 1.4 கிலோவைப் பிடித்துவைக்க 10 கிலோவை வெளியே விடுகிறோம்! எனவே சூரிய ஒளி, காற்று, நீர், புவிவெப்பம், அணு என்று கார்பன் குறைந்த மின்சாரம் இருந்தால் மட்டுமே இந்த வேலைக்குப் பொருள் உண்டு. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்ஸெங்கியில் 2012 முதல் இயங்கிய ஜார்ஜ் ஓலா ஆலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புவிவெப்ப மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அமைந்தது. மின்சாரமும் அங்கிருந்தே, நிலத்தடி ஆவியோடு வெளிவரும் கரியமில வாயுவும் அங்கிருந்தே. ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் அதன் கொள்ளளவு. அந்தப் பெயருக்கு உரியவர், 1994இல் வேதியியல் நோபல் பெற்றவர். எண்ணெய்க்கு மாற்றாக மெத்தனாலைக் கடைசிவரை வலியுறுத்தியவர்.

படி 2: எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், உலோகம் தானே முடிவாகும்

இத்துறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரே வாயு, ஒரே தண்ணீர், ஒரே மின்சாரம். மின்முனையாக வைக்கும் உலோகத் தகட்டை மட்டும் மாற்றுங்கள், பொருள் மாறிவிடும். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி 1980களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இதைத்தான் எண்களோடு காட்டின. ஒரே பைகார்பனேட் கரைசலில் பல உலோகத் தகடுகளை வைத்து, சதுர செ.மீ.க்கு 5 மில்லி ஆம்பியர் செலுத்தி அவர் தொகுத்த அட்டவணை இன்றும் எல்லோரும் திரும்பத் திரும்பப் புரட்டும் பக்கம்.

தங்கத் தகட்டில் மின்சாரத்தின் 87 சதவீதம் கார்பன் மோனாக்சைடாக மாறியது. வெள்ளியில் 81, துத்தநாகத்தில் 79. காரீயத்தில் 97 சதவீதம் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்), வெள்ளீயத்தில் 88. நிக்கல், இரும்பு, பிளாட்டினம் மூன்றிலும் ஏறக்குறைய எல்லா மின்சாரமும் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனாக்குவதிலேயே செலவானது. செம்பு மட்டும் தனி ரகம்: மீத்தேன் 33 சதவீதம், எத்திலீன் 25 சதவீதம், எத்தனால் 6 சதவீதம், மீதியில் ஃபார்மேட், புரோப்பனால், ஹைட்ரஜன். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் செம்புத் தகட்டை நுணுகி ஆராய்ந்த குழு, அதிலிருந்து 16 வெவ்வேறு பொருள்கள் வருவதைக் கணக்கிட்டது.

ஏன் இப்படி? கரியமில வாயு மூலக்கூறு ஒரு நேர்கோடு; நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். அதற்கு முதல் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது வளைந்தாக வேண்டும். தனியாக, கரைசலுக்குள் மிதந்தபடி வளைவதற்கு மைனஸ் 1.9 வோல்ட் வரை ஆகும். உலோகப் பரப்பு வளைந்த மூலக்கூறைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் அந்தச் செலவு வெகுவாகக் குறைகிறது. எந்தப் பக்கமாகப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெள்ளீயம், காரீயம், பிஸ்மத், இண்டியம் ஆகியவை ஆக்சிஜன் பக்கமாகப் பிடிக்கின்றன. கார்பன் வெளிப்பக்கம் நிற்பதால் ஹைட்ரஜன் அதில் ஒட்டி ஃபார்மேட் உருவாகிறது. தங்கமும் வெள்ளியும் கார்பன் பக்கமாகப் பிடித்து, ஒரு ஆக்சிஜனைக் கழற்றிவிடுகின்றன. அப்படி உருவாகும் கார்பன் மோனாக்சைடை இறுக்கமாக வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகின்றன. பிளாட்டினமும் நிக்கலும் பிடித்தால் விடுவதில்லை. பரப்பு முழுவதும் கார்பன் மோனாக்சைடு அப்பிக்கொள்ள, மிஞ்சிய இடத்தில் ஹைட்ரஜன் மட்டும் வருகிறது. செம்பு இரண்டுக்கும் நடுவில். விட்டும் விடாமல், பிடித்தும் பிடிக்காமல் வைத்திருப்பதால் அடுத்தடுத்து எலக்ட்ரான்கள் ஏற நேரம் கிடைக்கிறது. பக்கத்தில் இன்னொரு கார்பன் மோனாக்சைடு நின்றால் இரண்டும் கைகோத்து எத்திலீனுக்கும் எத்தனாலுக்கும் வழி பிறக்கிறது. செம்பின் படிக முகம்கூட முடிவை மாற்றும்: அணுக்கள் சதுரமாக அடுக்கப்பட்ட முகத்தில் எத்திலீன் கூடும், முக்கோணமாக அடுக்கப்பட்ட முகத்தில் மீத்தேன் கூடும்.

மிகவும் இறுக்கமும் ஆகாது, மிகவும் தளர்வும் ஆகாது என்ற இந்த விதிக்கு சபாட்டியே கோட்பாடு என்று பெயர். பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே நிக்கலைக் கொண்டு கார்பன் ஆக்சைடுகளை மீத்தேனாக்கிக் காட்டியது 1902இல். 1912இல் நோபல் பெற்றார். நூற்றாண்டு கடந்தும் அவர் வினை அப்படியே பயன்பாட்டில் இருக்கிறது.

தேவையான எலக்ட்ரான் எண்ணிக்கையையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குக்கு வேண்டும்: கார்பன் மோனாக்சைடுக்கும் ஃபார்மேட்டுக்கும் 2, மெத்தனாலுக்கு 6, மீத்தேனுக்கு 8, எத்திலீனுக்கும் எத்தனாலுக்கும் 12.

படி 3: வெப்ப வழியா, மின் வழியா?

வெப்ப வழியில் ஹைட்ரஜனைத் தனியே தயாரித்து, அதையும் கரியமில வாயுவையும் சூடான உலோகத் துகள்கள் வழியே அழுத்தத்தில் செலுத்துகிறோம். மின் வழியில் ஹைட்ரஜன் என்ற இடைநிலையே இல்லை. தண்ணீரும் கரியமில வாயுவும் ஒரே கலத்தில் மின்சாரத்தால் மாறுகின்றன.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: டன் கணக்கில் எரிபொருள் வேண்டுமென்றால் இன்றைக்கு வெப்ப வழிதான். வினையூக்கி ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது, தொழில்நுட்பம் பழகியது. சீனாவின் அன்யாங்கில் 2022இல் இயங்கத் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனால் தரும் அளவுடையது. அதுவும் வெப்ப வழியே. மின் வழி இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரும் வழியில் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ள, புதிதாகக் கண்டுபிடிக்க மின் வழியில்தான் இடம் அதிகம். அறை வெப்பநிலையில், ஒரு மேசை அகலத்தில் தொடங்கிவிடலாம்.

படி 4: வாயுவைச் சுத்தம் செய்யுங்கள்

காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நிலக்கரி ஆலைப் புகையில் 10 முதல் 15 சதவீதம். நொதித்தல் தொட்டிகளிலிருந்து வருவது ஏறக்குறைய முழுத் தூய்மை. கிடைத்தால் அதையே எடுங்கள். புகையில் வருவதில் கந்தகம் இருக்கும். செம்புக்கும் நிக்கலுக்கும் கந்தகம் நஞ்சு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட நாளடைவில் பரப்பில் சேர்ந்துகொண்டே போய் வினையூக்கியைக் கொன்றுவிடும். துத்தநாக ஆக்சைடு படுகை ஒன்றை முன்னால் வைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடித்த பிறகே வாயுவை உள்ளே விடுங்கள். ஆய்வகத்தில் சிலிண்டர் வாயு என்றால் இந்தக் கவலை குறைவு.

படி 5: வெப்ப வழி — மெத்தனால்

இங்கே வினையூக்கி செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மூன்றின் கூட்டு. 60, 30, 10 என்ற அளவுக்கு அருகில் இருக்கும். 1960களில் இந்தக் கூட்டு வந்த பிறகுதான் மெத்தனால் ஆலைகள் 250 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்திலிருந்து 50 முதல் 100 பாருக்கு இறங்கின.

தயாரிப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். செம்பு, துத்தநாக, அலுமினிய நைட்ரேட்டுகளின் கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் உள்ள தண்ணீரில் ஒரே நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஹெச் 6.5க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு கை குழாயிலும் ஒரு கண் மீட்டரிலும் இருக்கட்டும். முதலில் வெளிர்நீலக் கூழாக வீழ்படிவு இறங்கும். அவசரப்பட்டு வடிகட்டாதீர்கள். சூடு மாறாமல் கலக்கிக்கொண்டே இருந்தால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நீலம் பச்சையாகத் திரும்பும். கூடவே பிஹெச் ஒரு சின்ன பள்ளத்தில் இறங்கி ஏறும். உருவமற்ற நீலப் பொருள் மாலகைட் என்ற படிகமாக மாறும் தருணம் அது. செம்பு அணுக்களுக்கு நடுவில் துத்தநாக அணுக்கள் போய் உட்கார்வது இந்தப் படிகத்துக்குள்தான். நீலமாக இருக்கும்போதே வடிகட்டிச் சுட்டு, செயல் குறைந்த வினையூக்கியோடு மாதக்கணக்கில் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சை வீழ்படிவைச் சோடியம் போகும்வரை வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். சோடியம் மிஞ்சினால் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேரும். காயவைத்து 300 முதல் 350 டிகிரியில் சுட்டால் கரும்பொடியாகும். அதை அழுத்தி உடைத்துச் சல்லடையில் சலித்து, ஒரே அளவுத் துகள்களைக் குழாயில் நிரப்புங்கள்.

பயன்படுத்தும் முன் செம்பு ஆக்சைடைச் செம்பாக்க வேண்டும். நைட்ரஜனில் சில சதவீதம் மட்டும் ஹைட்ரஜன் கலந்து, நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி என்று மெல்ல 230 டிகிரிவரை ஏற்றுங்கள். இந்த வினை வெப்பத்தை வெளிவிடும். முழு ஹைட்ரஜனைத் திறந்துவிட்டால் படுகை தானே கொதித்து, செம்புத் துகள்கள் பெருத்துப் போகும். 300 டிகிரியைத் தாண்டிய செம்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

ஓட்டும்போது வெப்பநிலை 220 முதல் 260 டிகிரி, அழுத்தம் 50 பார், ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் 3க்கு 1. முக்கிய வினை ஒரு மோலுக்கு 49 கிலோ ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே சூடு கூடக் கூடச் சமநிலை எதிராகத் திரும்பும். குறைத்தாலோ வேகம் போதாது. பக்கத்திலேயே இன்னொரு வினையும் நடக்கும்: கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் நீராவியும் ஆவது. அதற்கு 41 கிலோ ஜூல் வெப்பம் தேவைப்படுவதால் சூடு ஏற ஏற அது வலுக்கும். ஒரு சுற்றில் கரியமில வாயுவின் ஐந்தில் ஒரு பங்கு மாறினாலே நல்ல விளைச்சல். மாறாத வாயுவைக் குளிர்வித்துப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்புங்கள். குளிர்கலத்தில் சேரும் திரவத்தில் மெத்தனாலுக்குச் சமமான மோல் தண்ணீர் இருக்கும், அதாவது எடையில் 36 சதவீதம். மெத்தனால் 65 டிகிரியில் கொதிப்பதால் காய்ச்சி வடிப்பது எளிது. அந்தத் திரவத்தை வாயருகே கொண்டுபோக வேண்டாம். சிறிதளவே கண்பார்வையைப் பறிக்கும்.

மீத்தேன் வேண்டுமென்றால்

அலுமினா மேல் நிக்கல், ஹைட்ரஜன் 4க்கு 1, வெப்பநிலை 300 முதல் 400 டிகிரி. அழுத்தம் அதிகம் வேண்டியதில்லை. வினை மோலுக்கு 165 கிலோ ஜூல் வெளிவிடுவதால் படுகையின் முன்பகுதி சட்டென்று கொதிக்கும். வெப்பநிலை அளவியை ஓரிடத்தில் மட்டும் வைத்து ஏமாறாதீர்கள், நீளவாக்கில் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள். வாயுவை நைட்ரஜனோடு கலந்து தொடங்குவது நல்லது. இந்த வழியில் ஹைட்ரஜனின் பாதி தண்ணீராகப் போகிறது. மெத்தனாலில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அவ்வளவு மின்சாரம் செலவழித்து எடுத்த ஹைட்ரஜன் என்பதால் நான் மெத்தனால் பக்கமே சாய்வேன். எரிவாயுக் குழாய்க் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கும் இடங்களில் மீத்தேனுக்கும் நியாயம் உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2010இல் பொருத்தப்பட்ட சபாட்டியே கருவிக்கு மீத்தேன் தேவையே இல்லை. அதை வெளியே விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. 200 டிகிரிக்குக் கீழே நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சந்தித்தால் நிக்கல் கார்போனைல் உருவாகலாம். ஆவியாகும் இந்தப் பொருள் மிகக் கொடிய நஞ்சு. ஆகவே உலையை அணைக்கும்போது 250 டிகிரிக்கு மேலேயே வினை வாயுக்களை நிறுத்தி, நைட்ரஜனால் முழுக்கக் கழுவிய பிறகே குளிரவிடுங்கள். பயன்படுத்திய நிக்கலைச் சட்டென்று காற்றில் கொட்டினால் தீப்பிடிக்கும். நைட்ரஜனில் மிகக் குறைந்த அளவு காற்றைக் கலந்து, மெல்ல ஆக்சைடாக்கி எடுங்கள்.

டீசல், விமான எரிபொருள் வகை நீண்ட சங்கிலிகள் வேண்டுமென்றால், 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்ட வழிதான். முதலில் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக்கி, பிறகு இரும்பு அல்லது கோபால்ட் மேல் சங்கிலி கட்டுகிறார்கள். கரியமில வாயுவை நேரடியாகக் கொடுத்தால் கோபால்ட் பெரும்பாலும் மீத்தேனோடு நின்றுவிடும். பொட்டாசியம் சேர்த்த இரும்புதான் இரண்டு வேலையையும் ஒரே படுகையில் செய்யும்.

படி 6: மின் வழி — மேசை மேல் முதல் கலம்

இரண்டு அறைகள், நடுவில் அயனிச் சவ்வு. கரைசல், லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், இது 0.1 மோலார். கரியமில வாயுவை அரை மணி நேரம் குமிழவிட்டால் பிஹெச் 6.8இல் வந்து நிற்கும். 6.8 வராவிட்டால் மேலே போகாதீர்கள், வாயுவிலோ மீட்டரிலோ கோளாறு.

முதல் தகடாக வெள்ளியை எடுங்கள், செம்பை அல்ல. வெள்ளியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மட்டுமே கணிசமாக வரும். இரண்டையும் அளந்து கூட்டினால் 100க்கு அருகில் வர வேண்டும். வரவில்லை என்றால் தவறு உங்கள் அளவீட்டில். இதே தவறைச் செம்பில் செய்தால் பல பொருள்களுக்கு நடுவில் அது ஒளிந்துகொள்ளும்.

நேர்மின்முனைக்கு ஆய்வகத்தில் கைக்கு எட்டும் பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைந்து, சவ்வையும் தாண்டி வந்து உங்கள் தகட்டில் படியும். படிந்த இடமெல்லாம் ஹைட்ரஜன். இரிடியம் ஆக்சைடு பூசியதோ, கிராஃபைட்டோ போதும்.

மின்னழுத்தத்தைக் குறிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கட்டுரைகளில் மீள் ஹைட்ரஜன் மின்முனை என்ற ஒப்பீட்டு மின்முனையை வைத்து எழுதியிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை. மாற்றும் கணக்கு இது: வேண்டிய மின்னழுத்தத்திலிருந்து 0.197ஐயும், 0.059ஐ பிஹெச்சால் பெருக்கியதையும் கழியுங்கள். மைனஸ் 1.0 வோல்ட் வேண்டும், பிஹெச் 6.8 என்றால், மைனஸ் 1.0, கழித்தல் 0.197, கழித்தல் 0.401, கருவியில் வைக்க வேண்டியது மைனஸ் 1.60. கரைசலின் தடையையும் மறக்கக் கூடாது. தடை 40 ஓம், மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இதைத் திருத்தாமல் எழுதிய எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

வெள்ளி சரியாக வந்த பிறகு செம்புக்கு வாருங்கள். தகட்டை 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் நேர்மின்முனையாக வைத்துச் சில நிமிடங்கள் 2 வோல்ட் அளவில் செலுத்தினால், மேல்தோல் கரைந்து கண்ணாடி போல மின்னும். சாதாரணத் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள உலோகங்கள் தகட்டில் படியும் என்பதால், அயனி நீக்கிய நீரில் மட்டும் கழுவி உடனே கலத்தில் பொருத்துங்கள். மைனஸ் 0.7 வோல்ட் வரை ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஃபார்மேட் மட்டும் தென்படும், மைனஸ் 1.0ஐ நெருங்கும்போது எத்திலீனும் மீத்தேனும் தலைகாட்டும்.

செம்பில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முதல் மணி நேரம் எத்திலீன் அழகாக வந்தது. மூன்றாவது மணியில் பாதியாகி, மாலைக்குள் ஹைட்ரஜன் மட்டும் மிஞ்சியது. தகடு கெட்டுவிட்டது என்று நினைத்துப் பல வாரம் தகடு தகடாக மாற்றினேன். காரணம் தகடு அல்ல, உப்பு. உயர்தரம் என்று வாங்கிய பைகார்பனேட்டிலேயே இரும்பும் துத்தநாகமும் சொற்பமாக இருக்கும். எதிர்மின் அழுத்தத்தில் அவை நேராக வந்து செம்பின் மேல் படியும். கரைசலை உலோகம் பிடிக்கும் பிசின் வழியே வடித்த பிறகு, அதே பழைய தகடுகள் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடின. இந்த ஒரு படியைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

படி 7: அளப்பது

வெளிவரும் வாயுவை, கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் வழியே அனுப்புங்கள். கார்பன் மோனாக்சைடை நுட்பமாக அளக்க அதனுள் மீத்தேனாக்கி என்ற சிறு குழாய் இருக்கும். அதில் இருப்பதும் நிக்கல்தான். சபாட்டியே வினை கருவிக்குள்ளேயே நடந்து, மீத்தேனாக மாற்றி அளக்கிறது. திரவத்தில் தங்கும் ஃபார்மேட், எத்தனால் ஆகியவற்றுக்கு என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி) வேண்டும்.

இப்போது ஃபாரடே திறன் கணக்கு, அதாவது செலுத்திய மின்சாரத்தில் எத்தனை சதவீதம் ஒரு பொருளாக மாறியது என்பது. நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டர் வாயு வெளிவருகிறது, அதில் 0.5 சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்று வைப்போம். நிமிடத்துக்கு 0.1 மில்லி லிட்டர். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24,465 மில்லி லிட்டர், ஆக 4.09 மைக்ரோ மோல். ஒவ்வொன்றுக்கும் 2 எலக்ட்ரான். மோலுக்கு 96,485 கூலும். பெருக்கினால் நிமிடத்துக்கு 0.789 கூலும், அதாவது 13.1 மில்லி ஆம்பியர். மொத்தம் செலுத்தியது 15 மில்லி ஆம்பியர் என்றால் திறன் 88 சதவீதம். ஓட்டத்தைக் கலத்துக்கு வெளியேறும் பக்கத்தில் அளங்கள். உள்ளே போகும் பக்கத்தில் அளந்தால், கலத்துக்குள் உறிஞ்சப்பட்ட வாயுவின் அளவுக்குத் திறன் பொய்யாக உயரும்.

இதோடு முடிந்துவிடவில்லை. வந்த கார்பன் உண்மையிலேயே கரியமில வாயுவிலிருந்து வந்ததா? சவ்வு, பசை, கரைப்பான் எச்சம், வினையூக்கிக்குள் சிக்கிய கரிமப் பொருள் என்று கார்பனுக்கு வேறு வாசல்கள் நிறைய. முதலில் ஆர்கானில் அதே சோதனையை ஓட்டுங்கள். எதுவும் வரக் கூடாது. பிறகு கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனைக் கொண்ட கரியமில வாயுவை விட்டு, பொருளிலும் கார்பன்-13 வருகிறதா என்று பாருங்கள். குறைவாக விளையும் புதிய வினையூக்கிகளுக்கு, குறிப்பாக ஒளியால் இயங்குபவற்றுக்கு, இந்தச் சோதனை இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

படி 8: பெரிதாக்கும்போது வரும் முட்டுக்கட்டைகள்

தண்ணீரில் கரியமில வாயு கொஞ்சம்தான் கரையும்: அறை வெப்பநிலையில் லிட்டருக்கு சுமார் 34 மில்லி மோல். எனவே மூழ்கிய தகட்டில் சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் போக முடியாது. இதைத் தாண்ட, நுண்துளைக் கார்பன் தாளின் ஒரு பக்கம் வினையூக்கியைப் பூசி, பின்பக்கமாக வாயுவை நேரடியாகச் செலுத்துகிறார்கள். மின்னோட்ட அடர்த்தி பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது.

ஏறியதும் புதிய சிக்கல் வருகிறது. வினையில் உண்டாகும் ஹைட்ராக்சைடு, வந்துகொண்டிருக்கும் கரியமில வாயுவையே பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடும். எதிர்மின் அயனிகளைக் கடத்தும் சவ்வில் அந்தக் கார்பனேட் மறுபக்கம் போய், நேர்மின்முனையில் மறுபடி கரியமில வாயுவாக வெளியேறும். கணக்குப் பாருங்கள்: ஒரு கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு, அவை ஒரு கரியமில வாயுவை விழுங்கும். ஆக, உள்ளே போனதில் அதிகபட்சம் பாதிதான் பொருளாக மாற முடியும். எத்திலீனுக்கு 12 ஹைட்ராக்சைடு, 6 கரியமில வாயு வீண், பயனானது 2. உச்ச வரம்பு 25 சதவீதம். இதில் வினையூக்கியின் தவறு எதுவும் இல்லை, எவ்வளவு நல்ல செம்பைச் செய்தாலும் இந்தச் சுவர் நகராது. அமிலக் கரைசலில் ஓட்டுவது ஒரு மாற்று வழி. இன்னொன்று, வேலையை இரண்டாகப் பிரிப்பது: சுமார் 800 டிகிரியில் இயங்கும் திண்ம ஆக்சைடு கலத்தில் முதலில் கார்பன் மோனாக்சைடு எடுத்து, அதைச் செம்புக் கலத்துக்குக் கொடுப்பது. சூடான கலத்தில் ஆக்சைடு அயனிதான் நகர்கிறது, கார்பனேட் உருவாக வழியில்லை. செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி இந்த வகைக் கலம்தான். 2021க்கும் 2023க்கும் இடையில் 16 முறை இயங்கி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 122 கிராம் ஆக்சிஜனைப் பிரித்தது.

மூன்றாவது, உப்பு. வாயுத் தாளின் பின்பக்கம் பொட்டாசியம் பைகார்பனேட் வெண்ணிறமாகப் பூத்துத் துளைகளை அடைக்கும். வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் மெல்ல ஏறினால், கலத்தைக் கழற்றும் முன் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உப்புதான். நேர்மின்முனைப் பக்கக் கரைசலை நீர்த்தாக்குவதும், அவ்வப்போது வாயுப் பக்கத்தைத் தூய நீரால் அலசுவதும் கை கொடுக்கும். தாளின் பின்புறத்தில் வெண்பூப்புக்குப் பதில் ஈரத் துளிகள் தெரிந்தால் தாள் நீர் விலக்கும் தன்மையை இழந்துவிட்டது. அலசிப் பயனில்லை, புதிய தாள் போட வேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மேசை மேல் சிறிய கலம்தானே என்று எண்ண வேண்டாம். வெளியேறும் குழாயைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் கொண்டுபோய் விடுங்கள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன்பே, மூக்கின் உயரத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவியை மாட்டி, அது ஒலிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.